‘புட் ஃபார்வர்ட்’ என்ற இரண்டு சொல்லோடு நான் பட்ட பாடு

வேலையில் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வீடியோ காலில் மீட்டிங். பதினோரு பேர், அதில் பாதிப் பேர் வெவ்வேறு நாடுகளில். வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் புகார்களை எப்படிப் பிரித்துக் கையாள்வது என்று பேச்சு. எனக்கு ஒரு யோசனை இருந்தது. முந்தின நாளே பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லியிருந்தேன். அவர் நல்ல மனிதர். பேச்சு கொஞ்சம் தொய்ந்த நேரம் பார்த்து, இவரிடம் ஒரு ஐடியா இருக்கிறது என்று எடுத்துக்கொடுத்துவிட்டார். மேனேஜர் என்னைக் குறிப்பிட்டு, “வுட் யூ லைக் டு புட் இட் ஃபார்வர்ட்?” என்றார்.

என் காதில் தெளிவாக விழுந்தது கடைசிச் சொல் மட்டும்தான். ஃபார்வர்ட். அது தெரிந்த சொல்லாயிற்றே, மெயிலில் தினமும் அழுத்துகிற பொத்தான்! நிம்மதியாக, “ஷ்யூர், ஐ வில் ஃபார்வர்ட் இட் பை ஈவினிங்” என்றேன். ஓரிரு நொடி யாரும் பேசவில்லை. அப்புறம் மேனேஜர் “ஓகே” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

சாயங்காலம்தான் சிக்கல் புரிந்தது. எதை ஃபார்வர்ட் செய்வது? யோசனை தலைக்குள் இருக்கிறதே தவிர, மெயிலாக எங்கும் இல்லை. வாக்குக் கொடுத்தாயிற்று. கடைசியில் யோசனையை எனக்கு நானே மெயிலாக எழுதி அனுப்பி, வந்து சேர்ந்ததும் அதை மேனேஜருக்கு ஃபார்வர்ட் செய்தேன். அடுத்த நாள் அவரிடமிருந்து ஒரு வரி பதில்: இதை உங்களுக்கு நீங்களேவா அனுப்பிக்கொண்டீர்கள்?

குழுவில் எனக்கு மூத்த ஒரு அக்கா இருந்தார். சிரித்து முடித்துவிட்டு அவர்தான் விளக்கினார். “ஃபார்வர்ட் பண்றதுன்னா ஏற்கெனவே வந்த ஒண்ண இன்னொருத்தருக்குக் கடத்துறது. புட் ஃபார்வர்ட்னா உன் யோசனைய நீயே எடுத்து எல்லாருக்கும் முன்னாடி வைக்கிறது. அவர் உன்னப் பேசச் சொன்னாரு. நீ அனுப்புறேன்னுட்ட.”

“முன்னாடி வைக்கிறதா? அப்போ நம்ம ‘முன்வை’தானே அக்கா?”

“அதேதான். ஒரு எழுத்துகூட மாறல.”

அவர் சொன்னது உண்மை. ஆங்கிலத்தில் வினையோடு ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டு புதுப் பொருள் தரும் தொடர்களை ஃப்ரேசல் வெர்ப் என்பார்கள். பெரும்பாலானவற்றில் இரண்டு சொல்லின் பொருளையும் கூட்டிப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது. புட், அப், வித் மூன்றையும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பொறுமை எங்கேயும் தெரியாது. புட் ஃபார்வர்ட் அப்படியில்லை. புட் என்றால் வை, ஃபார்வர்ட் என்றால் முன்னே. கருத்தை முன்வைத்தார், வாதத்தை முன்வைத்தார், கோரிக்கையை முன்வைத்தார் என்று நாம் தினமும் செய்தியில் படிக்கிற அதே சொல்தான்.

இன்னொன்றும் பிறகு தெரிந்துகொண்டேன். ‘ப்ரபோஸ்’ என்ற சொல்லின் வேரைத் தோண்டினால் லத்தீனில் ‘ப்ரோபோனெரே’ என்று வருகிறது. ப்ரோ என்றால் முன், போனெரே என்றால் வைத்தல். ஆக லத்தீன்காரரும் ஆங்கிலேயரும் தமிழரும் ஆளுக்கொரு பக்கமாக ஒரே படத்தைத்தான் வரைந்திருக்கிறார்கள். யோசனை என்பது கையில் இருக்கிற ஒரு பொருள். அதை எடுத்து நாலு பேர் கண் முன்னால் வைக்கிறோம். இந்தப் படம் மனதில் ஏறிய பிறகு எனக்கு அகராதி தேவைப்படவில்லை என்று பெருமையடிக்க ஆசைதான். ஆனால் தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

கொஞ்ச நாளில் மீட்டிங் குறிப்பு எழுதும் வேலை, அதாவது மினிட்ஸ், என் தலையில் விழுந்தது. புதிதாக வந்தவருக்கு அதைக் கொடுப்பது எல்லா இடத்திலும் வழக்கம் போல. புதுச் சொல் கற்ற உற்சாகத்தில் யார் எதைச் சொன்னாலும் புட் ஃபார்வர்ட் என்றே எழுதித் தள்ளினேன். ஒரு வாரம், வடிவமைப்புப் பிரிவிலிருந்த ஒருவரின் யோசனையை, அவர் விடுப்பில் இருந்ததால், வேறொருவர் மீட்டிங்கில் சொன்னார். நான் சொன்னவரின் பெயரைப் போட்டு, இவர் இந்த ஐடியாவை புட் ஃபார்வர்ட் செய்தார் என்று எழுதி அனுப்பிவிட்டேன். விடுப்பு முடிந்து வந்தவருக்கு முகம் வாடிவிட்டது. இலக்கணப்படி நான் எழுதியதில் பிழை இல்லை. நடந்ததும் அதுதான். ஆனால் படிப்பவர்கள், யோசனையே மீட்டிங்கில் சொன்னவருடையது என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் ‘கம் அப் வித்’ என்ற இன்னொரு தொடரின் அருமை புரிந்தது. யோசனை ஒருவர் மண்டையில் உதிப்பது கம் அப் வித். உதித்ததை மற்றவர் முன்னால் வைப்பது புட் ஃபார்வர்ட். முதலாவது தனியாக உட்கார்ந்திருக்கும்போதும் நடக்கும், குளிக்கும்போதும் நடக்கும். இரண்டாவதற்கு எதிரே ஆள் வேண்டும், குறைந்தது ஒரு தாளாவது வேண்டும். திருத்திய மினிட்ஸில், இன்னார் கேம் அப் வித் தி ஐடியா, இன்னார் புட் இட் ஃபார்வர்ட் ஆன் ஹிஸ் பிஹாஃப், அதாவது அவர் சார்பில் முன்வைத்தார், என்று பிரித்து எழுதினேன். முகம் தெளிந்தது.

அறிவியல் வரலாற்றில் இந்த இடைவெளி அழகாகத் தெரியும் ஒரு நாள் உண்டு. 1858 ஜூலை 1. இயற்கைத் தேர்வு பற்றி டார்வினும் வாலஸும் எழுதியவை லண்டன் லின்னேயன் சங்கத்தில் படிக்கப்பட்டன. இருவருமே அங்கே இல்லை. வாலஸ் மலாய்த் தீவுக்கூட்டத்துப் பக்கம் எங்கேயோ இருந்தார். டார்வின் குழந்தையைப் பறிகொடுத்த துக்கத்தில் வீட்டில் இருந்தார். சங்கத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் டார்வினின் நண்பர்களான லயலும் ஹூக்கரும். ஆனாலும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள், அந்தக் கோட்பாட்டை டார்வினும் வாலஸும் புட் ஃபார்வர்ட் செய்தார்கள் என்றுதான் எழுதுவார்கள். அதாவது, வேறு விவரம் சொல்லாதவரை, முன்வைத்தவர்தான் சொந்தக்காரர் என்று வாசகர் நினைத்துக்கொள்கிறார். என் மினிட்ஸில் நடந்த விபத்தும் இதேதான். ஆகவே சொந்தக்காரர் வேறு ஆள் என்றால் அந்த ‘சார்பில்’ என்பதை விட்டுவிடக் கூடாது.

இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அது எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது. முன்வைத்தார், அவ்வளவுதான். மற்றவர்கள் ஏற்றார்களா, அது சரியா தவறா, நிரூபித்தாரா என்று எதுவும் அதற்குள் இல்லை. ஆல்ஃபிரட் வெகெனர் கண்டங்கள் நகர்கின்றன என்ற கோட்பாட்டை 1912-ல் புட் ஃபார்வர்ட் செய்தார். புவியியலாளர்களில் பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளவில்லை. 1930-ல் கிரீன்லாந்துப் பயணத்தில் அவர் இறந்துபோனார். கடலடித் தளம் விரிகிறது என்பதற்கான சான்றுகள் குவிந்து, கண்டங்கள் நகர்வது பரவலாக ஏற்கப்பட்டது 1960-களில். இங்கே புட் ஃபார்வர்ட் 1912-லேயே முடிந்துவிட்டது பாருங்கள். அதற்குப் பிறகு ஐம்பது வருடம் நடந்ததெல்லாம் வேறு வினைச்சொற்களின் வேலை.

இந்தக் குறைவால் ஒரு லாபம் உண்டு. நான் பல மாதங்கள் மீட்டிங்கில் வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம், சொன்னால் சரியாக இருக்கவேண்டுமே என்ற பயம். ‘ஐ சஜஸ்ட்’ என்று தொடங்கினால் நானே அதற்குப் பொறுப்பேற்பது போலவும், ‘ஐ திங்க்’ என்று தொடங்கினால் இவன் யார் நினைப்பதற்கு என்று கேட்பார்கள் போலவும் தோன்றும். ‘ஐட் லைக் டு புட் ஃபார்வர்ட் அன் ஐடியா’ என்றால், வைக்கிறேன், பாருங்கள், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்கிற தொனி. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கு இந்த மூன்றுக்கும் இடையே இவ்வளவு தூரம் தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அது என் மனக்கணக்கு. எனக்கு உதவியது, அவ்வளவுதான்.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். நான் அதிகம் அடிபட்டது இங்கேதான்.

முதல் அடி, ‘இட்’ எங்கே வரும் என்பதில். ‘ஐ புட் ஃபார்வர்ட் இட்’ என்று ஒரு அறிக்கையில் எழுதியிருந்தேன். சரிபார்த்தவர் சிவப்பு வட்டம் போட்டிருந்தார், காரணம் எழுதவில்லை. திருத்தி அனுப்பினேன், ‘ஐ புட் ஃபார்வர்ட் திஸ் ப்ளான்’ என்று. அதற்கு வட்டம் இல்லை. இட் என்றால் தப்பு, திஸ் ப்ளான் என்றால் சரியா? ஆமாம், அப்படித்தான். பெயர்ச்சொல் என்றால் அது ஃபார்வர்டுக்கு முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம்: புட் எ ப்ளான் ஃபார்வர்ட், புட் ஃபார்வர்ட் எ ப்ளான், இரண்டும் சரி. இட், தெம், ஹிம், ஹெர் போன்ற சுட்டுப்பெயர் வந்தால் நடுவில் மட்டும்தான் வரும்: புட் இட் ஃபார்வர்ட், புட் தெம் ஃபார்வர்ட். இதில் விதிவிலக்கு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மீட்டிங்கில் அன்று மேனேஜர் சொன்னதே நடுவில் இட் வைத்துத்தான். நான்தான் அந்த நடுச்சொல்லைக் காதில் வாங்கவில்லை.

நமக்கு இது ஏன் கைவருவதில்லை என்று யோசித்தால் காரணம் எளிது. ‘அதை முன்வைத்தேன்’ என்னும்போது முன்னும் வையும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. நடுவே புகுந்து ‘முன் அதை வைத்தேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ஒட்டியதைப் பிரித்து நடுவில் ஒரு சொல்லைச் செருகுவது நம் நாக்குக்குப் பழக்கமில்லாத வேலை. விதியை மனப்பாடம் செய்வதைவிட, ‘புட் இட் ஃபார்வர்ட்’ என்பதை ஒரே சொல்லாகப் பாவித்து, புடிட்ஃபார்வர்ட், புடிட்ஃபார்வர்ட் என்று பத்து தடவை வாய்விட்டுச் சொல்வது பலன் தந்தது. பேச்சிலும் அது அப்படி ஒட்டித்தான் ஒலிக்கிறது. அழுத்தம் ஃபார்வர்டின் முதல் அசையில் விழும். புட்டில் அழுத்தினால் எதையோ தரையில் போட்டது போலக் கேட்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு நுணுக்கத்தை எந்தப் பாடத்திலும் எனக்கு யாரும் சொல்லவில்லை, எழுதி எழுதித்தான் தெரிந்தது. முன்வைக்கும் பொருள் நீளமான தொடராக இருந்தால் அதை நடுவில் திணிக்கக் கூடாது. புகார்களுக்குப் பதில் தரும் நேரத்தைப் பாதியாகக் குறைப்பதற்கான ஒரு திட்டம் என்று எட்டுப் பத்துச் சொல் வருகிறது என்று வையுங்கள். அதை முழுக்கச் சொல்லி முடித்து ஃபார்வர்ட் என்று கடைசியில் வைத்தால், கேட்பவர் புட் என்ற வினையையே மறந்திருப்பார். முதலில் புட் ஃபார்வர்ட் என்று சொல்லிவிட்டு, நீளமானதைப் பின்னால் இழுத்துக்கொண்டு போவதுதான் நல்லது. இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கும், காது அனுமதிக்காது.

இரண்டாவது அடி, இறந்தகாலம். புட்டுக்கு இறந்தகாலமும் புட்தான், முடிந்த வடிவமும் புட்தான். ‘புட்டெட்’ என்று ஒன்று கிடையாது. தெரிந்த விஷயம்தான், ஆனால் அவசரத்தில் கை ஃபார்வர்டின் வாலில் இறந்தகாலத்தை ஒட்டிவிடும்: ‘ஷி புட் ஃபார்வர்டெட்’. நான் இரண்டு முறை அப்படி அனுப்பியிருக்கிறேன். படிக்கும்போது வேறு குழப்பம். ‘தே புட் ஃபார்வர்ட் எ ப்ளான்’ என்று மட்டும் இருந்தால் முன்வைத்தார்களா, வழக்கமாக முன்வைப்பார்களா? சுற்றியிருக்கிற வாக்கியத்தைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். ஒருவரைக் குறித்து ‘ஹி புட் ஃபார்வர்ட்’ என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது இறந்தகாலம். நிகழ்காலமாக இருந்தால் ‘புட்ஸ்’ என்று எஸ் ஒட்டியிருக்கும். இங் சேர்த்து ‘புட்டிங்’ என்று எழுதும்போது புட்டின் கடைசி எழுத்து இரட்டிக்கும் என்பதையும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

எவற்றையெல்லாம் முன்வைக்கலாம்? ஐடியா, ப்ரபோசல், ப்ளான், ஆர்க்யுமென்ட், தியரி, சஜஷன், சொல்யூஷன், மோஷன், கேண்டிடேட். இவை அடிக்கடி கூட வருகிறவை. ஒரு கேள்வியை புட் ஃபார்வர்ட் செய்வதாக எழுதினால் கொஞ்சம் இடறும். கேள்வி என்றால் ‘புட் எ கொஸ்சன் டு சம்ஒன்’ என்பதுதான் இயல்பு. யாரிடம் முன்வைத்தோம் என்பதற்கு டு, யார் முன்வைத்தார் என்று செயப்பாட்டு வினையில் சொல்ல பை, எதற்காக என்பதற்கு ஃபார். புட் ஃபார்வர்ட் டு தி கமிட்டி ஃபார் டிஸ்கஷன். நான் நோட்டில் புட் ஃபார்வர்ட் = முன்வைத்தல் என்று எழுதி வைத்திருந்த நாட்களில் ஒரு வாக்கியம்கூடத் தானாக வரவில்லை. புட் ஃபார்வர்ட் எ ப்ரபோசல், புட் ஃபார்வர்ட் அன் ஆர்க்யுமென்ட் என்று ஜோடியாக எழுத ஆரம்பித்த பிறகுதான் வாயில் வந்தது. தனிச்சொல்லாகப் படிப்பது, ஆளின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு முகத்தைப் பார்க்காமல் இருப்பது மாதிரி.

மேலே உள்ள பட்டியலில் கடைசியில் கேண்டிடேட் என்று ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஆளையும் முன்வைக்கலாம் ஆங்கிலத்தில். இது எனக்குத் தெரியாத காலத்தில் ஒரு நாள் மனிதவளப் பிரிவிலிருந்து மெயில் வந்தது. ‘யுவர் நேம் ஹேஸ் பீன் புட் ஃபார்வர்ட்’ என்று முதல் வரி. அந்த வாரம் ஆட்குறைப்பு பற்றி வதந்தி ஓடிக்கொண்டிருந்த வாரம். என் பெயரை யாரோ எங்கேயோ கொண்டுபோய் முன்னால் வைத்திருக்கிறார்கள். எந்த வரிசையில் என்று தெரியவில்லை. மிச்ச மெயிலைப் படிக்காமலே அக்காவிடம் ஓடினேன்.

“முழுசா படிச்சியா?”

“இல்லக்கா.”

“படி. ட்ரெயினிங் குழுவுக்கு உன்ன பரிந்துரை பண்ணிருக்காங்க.”

இங்கே முன்வை என்ற தமிழ்ச் சொல் கைவிட்டுவிடுகிறது. ஆளை நாம் முன்வைப்பதில்லை, பெயரை முன்மொழிகிறோம் அல்லது பரிந்துரைக்கிறோம். சங்கக் கூட்டங்களில் ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிவார் அல்லவா, அந்த முன்மொழிவதுதான் இந்த இடத்தில் சரியான இணை. வழிமொழிவதற்கு ஆங்கிலத்தில் ‘செகண்ட்’ என்ற வினை. தன்னைத்தானே முன்வைத்துக்கொள்வதும் உண்டு, ‘புட் யுவர்செல்ஃப் ஃபார்வர்ட்’. அதற்குத் தமிழில் இன்னும் அழகாக ‘முன்வருதல்’ இருக்கிறது. பொறுப்பேற்க யார் முன்வருகிறீர்கள் என்று கேட்கிறோமே, அது. ஒரே ஆங்கிலத் தொடருக்கு முன்வை, முன்மொழி, முன்வா என்று மூன்று தமிழ்ச் சொற்கள். முன் மட்டும் மாறவில்லை. ‘ஹி இஸ் டூ ஃபார்வர்ட்’ என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் மட்டும் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கொஞ்சம் துடுக்கான ஆள் என்று அர்த்தம்.

இப்போது நேரம். ஃபார்வர்ட் என்ற சொல் யோசனையை விட்டுவிட்டு நாளையும் மணியையும் தொட்டால் தாய்மொழிக்காரர்களே தடுமாறுகிறார்கள். ஒரு புதன்கிழமை மீட்டிங்கை இரண்டு நாள் ‘மூவ் ஃபார்வர்ட்’ செய்திருப்பதாகத் தகவல் வந்தது. நான் திங்கட்கிழமை என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் தயார் செய்து தனியாக இணைப்பில் உட்கார்ந்திருந்தேன். மீட்டிங் வெள்ளிக்கிழமை. என் ஆங்கிலத்தை நொந்துகொண்டேன். பிறகு தெரிந்தது, இதே கேள்வியை, அச்சு அசலாகப் புதன்கிழமையும் இரண்டு நாளுமாக, ஆங்கிலம் பேசுகிறவர்களிடமே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். லேரா போரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்காரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு பெயர்பெற்றது. சிலர் திங்கள் என்றார்கள், சிலர் வெள்ளி என்றார்கள். தான் காலத்தில் முன்னேறிப் போவதாக நினைப்பவருக்கு முன்னே என்பது வெள்ளி. காலம் தன்னை நோக்கி வருவதாக நினைப்பவருக்கு முன்னே என்பது திங்கள்.

தமிழிலும் இந்த இரட்டை முகம் இருக்கிறது. இரண்டு நாள் முன் என்றால் கழிந்த நாள். கடிகார முள்ளை முன்னே தள்ளி வை என்றால் இனி வரப்போகிற நேரம். ஆங்கிலத்தில் ‘புட் தி க்ளாக் ஃபார்வர்ட்’ என்பதும் இதுவே. பிரிட்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை 1 மணியை 2 மணியாக்குவார்கள், அப்போது கடிகாரத்தை புட் ஃபார்வர்ட் செய்வதாகச் சொல்வார்கள். மீட்டிங்கைக் குறித்த தேதிக்கு முன்பே நடத்துவதற்கு அவர்கள் ‘ப்ரிங் ஃபார்வர்ட்’ என்பார்கள். தள்ளிப்போட ‘புட் ஆஃப்’ அல்லது ‘புட் பேக்’. இந்திய ஆங்கிலத்தில் ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிர்ச்சொல்லாக இருக்கிற ‘ப்ரீபோன்’ இந்தக் குழப்பத்துக்கு மிக நல்ல மருந்து என்பது என் கருத்து. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் அது இருக்கிறது. ஆனால் வெளியே எல்லாருக்கும் புரியாது. நான் இப்போது எந்த வினையை எழுதினாலும் பக்கத்தில் கிழமையையும் தேதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். சொல் எதுவானாலும் வெள்ளி என்றால் வெள்ளிதான்.

முன்வைப்பதற்கு நெருக்கமாக இன்னொரு கண்ணிவெடி உண்டு, ‘டேபிள்’ என்ற வினை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒரு தீர்மானத்தை டேபிள் செய்தால் விவாதத்துக்கு எடுத்து வைப்பது, நம் புட் ஃபார்வர்டேதான். அமெரிக்க ஆங்கிலத்தில் நேர் எதிர், இப்போதைக்கு வேண்டாம் என்று ஓரமாக வைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு அறிக்கையை அவசரமாகப் பேசவேண்டும் என்று டேபிள் செய்யச் சொல்ல, அமெரிக்க அதிகாரிகள் அதை மூட்டை கட்டுவதாக நினைத்து எதிர்க்க, இருவரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள் என்று தெரிவதற்குள் நீண்ட வாக்குவாதம் நடந்ததாக சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிற குழுவில் நான் டேபிளைத் தொடுவதே இல்லை.

‘த்ரோ அவுட் அன் ஐடியா’வும் அந்த ரகம்தான். சும்மா ஒரு யோசனையை வீசிப் பார்ப்பதும் அதுவே, யோசனையைக் குப்பையில் போடுவதும் அதுவே. ‘ஃப்ளோட் அன் ஐடியா’ பாதுகாப்பானது. தண்ணீரில் விட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது போல, ஆழம் பார்க்கிற தொனி அதில் உண்டு. ‘ப்ரிங் அப்’ என்றால் பேச்சை எடுப்பது மட்டும். தீர்வு கையில் இருக்கவேண்டும் என்றில்லை. பிரச்சினையை ப்ரிங் அப் செய்துவிட்டு அதற்கொரு தீர்வை புட் ஃபார்வர்ட் செய்வது என்று இரண்டையும் ஒரே மீட்டிங்கில் பயன்படுத்தலாம்.

எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மாலை வேலை முடிந்து கிளம்பும்போது, எங்காவது வெளியே போகலாமா என்பதை, ‘ஐட் லைக் டு புட் ஃபார்வர்ட் எ ப்ரபோசல்’ என்று ஆரம்பித்தேன். எல்லாரும் பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அது கோட்டு போட்ட தொடர். மீட்டிங், அறிக்கை, கட்டுரை, செய்தி ஆகியவற்றுக்குப் பொருந்தும். நண்பர்களிடம் ‘ஹவ் அபவுட்’ போதும். தமிழிலேயே யோசித்துப் பாருங்கள், வெளியே போகலாம் என்ற கருத்தை முன்வைக்கிறேன் என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்?

போன மாதம் ஒரு மீட்டிங். குழுவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறார். அரை மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சாட் பெட்டியில் தட்டினார்: ‘கேன் ஐ புட் ஃபார்வர்ட் இட்?’ சிவப்பு வட்டம் போட என் கை பரபரத்தது உண்மை. மேனேஜர் “ப்ளீஸ் டூ” என்றார். அந்தப் பெண் பேசினார். நல்ல யோசனை, ஆனால் அதற்கு வேண்டிய ஆட்கள் எங்களிடம் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். மினிட்ஸ் எழுதும் முறை அன்று என்னுடையது. ஒதுக்கப்பட்டவற்றை ஒரே வரியில் முடித்துவிடுவதுதான் வழக்கம். நான் அவர் சொன்னதை நாலு வரியில் எழுதி, முடிவில் ‘புட் ஃபார்வர்ட் பை’ என்று போட்டு, அவர் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதி அனுப்பினேன். ‘இட்’ எங்கே வரவேண்டும் என்பதை மறுநாள் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.